எத்தனை மணி நேரம் படித்தால் போதும்? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் படிப்பு பற்றி மொரீஷியஸ் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: மகன் பதினோராம் வகுப்பு. இந்த ஆண்டு ஸ்கூல் சர்டிபிகேட் (எஸ்சி) தேர்வு எழுதுகிறான். பள்ளி விட்டதும் லெசோன் (டியூஷன்). வீடு வர ஆறரை ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு இரவு ஒரு மணி வரை மேசையில்தான் இருக்கிறான். ஆனாலும் பள்ளித் தேர்வில் மூன்று பாடங்களில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி நிலை) வரவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்? – ஒரு தாய், ரோஸ்ஹில்

ப: அம்மா, உங்கள் மகன் நேரத்தைக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டும். முதலில் அவன் ஒரு மணிக்குப் படுப்பதை நிறுத்துங்கள்.

வீட்டுப்பாட நேரம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர். வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வரும் நிமிடங்களே ஒரு நாளுக்கான அளவு என்ற எளிய கணக்கு அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆறாம் வகுப்புக்கு 60 நிமிடம், ஒன்பதுக்கு 90, பதினொன்றுக்கு 110. மேல்வகுப்பு மாணவர்களுக்கும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வரைதான் பலன் நன்றாகத் தெரிகிறது என்பது 2006இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வின் முடிவு. எச்எஸ்சி (ஹையர் ஸ்கூல் சர்டிபிகேட்) எழுதும் பன்னிரண்டு, பதின்மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் தேவைப்படலாம். அதற்கு மேல் தினமும் உட்கார்ந்தால், மறுநாள் வகுப்பில் கவனிக்கும் சக்தியைத்தான் இன்றே செலவழிக்கிறார்கள்.

13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பகலில் படித்தது மனத்தில் பதிந்து உறுதிப்படுவது பெருமளவு தூக்கத்தில்தான். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் பையன், கடைசி மூன்று மணி நேரம் படித்ததைத் தங்கவைக்கத் தேவையான தூக்கத்தையே வெட்டிவிடுகிறான்.

லெசோனில் உட்காரும் நேரத்தைப் படித்த நேரமாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே ஆசிரியர் கணக்கைப் போடுகிறார், பிள்ளை பார்த்து எழுதுகிறது. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். அந்தக் கணக்கை மறுநாள் வெற்றுத்தாளில் தானே போட்டுப் பார்க்காவிட்டால் லெசோனுக்குக் கொடுத்த பணமும் நேரமும் பாதி வீண். நான்கு பாடத்துக்கு லெசோன் போகிறான் என்றால், பலவீனமான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் அவன் நேரத்தை அவனிடமே திருப்பிக் கொடுங்கள்.

இனி மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறார்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய்ச் சரளமாக ஓடும். அந்தச் சரளத்தைத் ‘தெரிந்துவிட்டது’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வில் புத்தகம் இருக்காது. வரியைப் பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எழுதுவது வேறு.

இதை ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு பக்கம்; ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் மறு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. உங்கள் மகன் இரவில் நன்றாக ஒப்பிக்கிறான், தேர்வில் கோட்டை விடுகிறான் என்றால் காரணம் இதுதான்.

நாங்கள் சொல்லும் முறை 40 நிமிட அமர்வு. முதல் 5 நிமிடம், அதே பாடத்தில் போன முறை படித்ததைப் பார்க்காமல் தாளில் எழுதுவது. அடுத்த 20 நிமிடம் புதிய பகுதி. நான்கைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த 10 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிருப்பதையெல்லாம் எழுதுவது: படம், சூத்திரம், காரணங்கள். கடைசி 5 நிமிடம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்பு மையில் சேர்ப்பது. அடுத்த முறையின் முதல் 5 நிமிடத்துக்கு வேண்டியது அந்தச் சிவப்பு வரிகள்தான்.

இதில் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எழுதும்போது முட்டியதும் உடனே புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். ஒரு நிமிடமாவது யோசித்து, தப்பாக இருந்தாலும் ஒன்றை எழுதிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத் திணறல்தான் பாடத்தைப் பதியவைக்கிறது. அது சிரமமாக இருப்பதால் பிள்ளைக்குத் தான் பின்தங்குவது போலத் தோன்றும். முதல் இரண்டு வாரம் இந்த எண்ணம் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

7.15க்கு உட்கார்ந்தால், நடுவே ஏழேழு நிமிட இடைவெளியோடு மூன்று அமர்வுகள் 9.30க்குள் முடிந்துவிடும். கடினமான பாடம் முதலில். மூன்றும் ஒரே பாடமாக இருக்கக் கூடாது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடலாம்.

கே: பேரன் ஆறாம் வகுப்பு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்ஏசி எழுதுகிறான். தினமும் இரண்டு மணி நேரம் டியூஷன், பிறகு வீட்டில் இரண்டு மணி நேரம். அழுகிறான். விடலாமா? – ஒரு பாட்டி, ட்ரியோலே

ப: வீட்டில் இருக்கும் இரண்டு மணியை இன்றே அரை மணியாகக் குறையுங்கள், பாட்டி. அந்த வயதுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் போதும், ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். அரை மணியில் 15 நிமிடம் கணக்கு. மீதி 15 நிமிடம் அன்று பள்ளியில் படித்ததை உங்களுக்கு அவன் வாய்விட்டுச் சொல்லட்டும். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை, “ஏன்?”, “அப்புறம்?” என்று கேட்டாலே போதும்.

கே: பதின்மூன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். ஜனவரியில் படித்தது ஜூலையில் சுத்தமாக மறந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். ஞாபகசக்திக்கு வழி உண்டா? – ஒரு மாணவி, ஃபிளாக்

ப: தங்கையே, ஞாபகசக்தியில் குறையில்லை. திருப்பிப் பார்க்கும் நாட்களைத் திட்டமிடாததுதான் குறை.

ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885இல் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போனது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் முதல் நாளில் சட்டென்று சரிவதும் பிறகு மெதுவாகக் குறைவதும் எல்லாப் பாடத்துக்கும் பொது. ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே வேண்டும். அடுத்தது மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து நிமிடம்தான் ஆகும்.

இதைக் கையால் நடத்த ஒரு அட்டைப் பெட்டி போதும். 1970களில் ஜெர்மனியில் செபாஸ்தியான் லைட்னர் பரப்பிய முறை இது. ஏ4 தாளை எட்டாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. காலணிப் பெட்டியில் நான்கு அறை. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை, நான்காவது மூன்று வாரத்துக்கொரு முறை. விடை சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பானால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். புதிய அட்டை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முதல் வாரமே முப்பது முப்பதாக எழுதுபவர்கள், மூன்றாம் வாரம் திருப்ப நேரமில்லாமல் பெட்டியையே ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். “ஒளிச்சேர்க்கை பற்றி எழுது” என்ற அட்டை பயன்படாது. விடை சரியா தப்பா என்று உனக்கே தெரியாது. “ஒளி சார்ந்த வினைகள் பசுங்கணிகத்தின் எந்தப் பகுதியில் நடக்கின்றன?” என்று ஒரு கேள்விக்கு ஒரு விடையாக எழுது.

தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் அட்டையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தனிச் சிக்கல். விஷயம் புரிகிறது, வாக்கியம் வருவதில்லை. அதனால் இரண்டு படியாகச் செய். முதலில் உனக்கு எந்த மொழி எளிதோ அதில் வாய்விட்டு விளக்கு. அப்படி விளக்க முடியாவிட்டால் பாடம் இன்னும் புரியவில்லை என்று பொருள். ஆங்கிலத்தைக் குறை சொல்லாதே. விளக்க முடிந்ததும் அதையே இரண்டு மூன்று ஆங்கில வாக்கியமாக எழுது. இரண்டாவது படியை விடுபவர்கள்தான் “தெரியும், எழுத வரவில்லை” என்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ் தாளில் (நம் எஸ்சி, எச்எஸ்சி தேர்வுத்தாள்தான்) கேள்வி எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பார்ப்பதும் பாதி மதிப்பெண். வெப்பநிலை கூடக்கூட என்சைம் வேகம் மாறும் வரைபடத்தை எடுத்துக்கொள். ‘ஸ்டேட்’ என்றால் உச்ச வேகம் 37 டிகிரியில் என்று எழுதினால் முடிந்தது. ‘டிஸ்கிரைப்’ என்றால் கண்ணில் தெரிவதைச் சொல்ல வேண்டும்: 37 வரை ஏறுகிறது, பிறகு வேகமாகச் சரிகிறது, வரைபடத்தில் படித்த எண்களோடு. ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்: சூட்டில் மூலக்கூறுகள் வேகமாக நகர்ந்து அதிகம் மோதுகின்றன, 37ஐத் தாண்டினால் என்சைமின் வினையிடம் உருக்குலைந்து, வினைபுரிய வேண்டிய பொருள் அதில் பொருந்துவதில்லை. ‘எக்ஸ்பிளெய்ன்’ கேட்ட இடத்தில் ஏறுவதையும் இறங்குவதையும் அழகாக அரைப்பக்கம் எழுதினாலும் காரணத்துக்குரிய மதிப்பெண் கிடைக்காது.

கே: கணக்கில் ஒவ்வொரு பாடத்தின் பயிற்சியையும் முழுசாகப் போட்டு முடிக்கிறேன், எல்லாம் சரியாக வருகிறது. தேர்வில் பாதிதான் வருகிறது. – ஒரு மாணவன், போர்ட் லூயிஸ்

ப: தம்பி, பயிற்சியின் தலைப்பிலேயே எந்த முறையைப் போடுவது என்று எழுதியிருக்கிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. முறையைப் போடப் பழகியிருக்கிறாய். எந்த முறை என்று தேர்ந்தெடுக்கப் பழகவில்லை.

2007இல் ரோரர், டெய்லர் இருவரும் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பயின்றவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் பயின்றவர்களுக்கு 20, கலந்து பயின்றவர்களுக்கு 63. ஆகவே புதிய பாடத்தில் ஐந்தாறு கணக்கு போட்டுப் பிடிபட்டதும், மீதியை ஒதுக்கி வை. வாரம் மூன்று நாள், நான்கு பழைய பாடங்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து, வரிசை கலைத்து எட்டுக் கணக்கு போடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால், என்ன முறை, ஏன் அந்த முறை என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கு.

கூடவே ஒரு தவறு நோட்டு வேண்டும். அதில் விடையை மட்டும் திருத்தி எழுதிவிட்டால் பயனில்லை. தப்பு எந்த வகை என்று குறிக்க வேண்டும்: கேள்வியைத் தப்பாக வாசித்தது, கருத்தே தவறியது, கூட்டல் கழித்தலில் நழுவியது, நேரம் போதாதது. ஒரு உதாரணம்: போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40, சராசரி வேகம் என்ன? பலரும் 50 என்று எழுதுவார்கள். வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தது கருத்துத் தவறு. மெதுவாக வந்த பாதிக்கு அதிக நேரம் ஆனதால், மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்தால் போக 2 மணி, வர 3 மணி; 240ஐ 5ஆல் வகுக்க 48. கவனக்குறைவு என்று எழுதிவைத்த தவறுகளில் பல, கிளறிப் பார்த்தால் இப்படிக் கருத்துத் தவறாகத்தான் இருக்கும். வகை பிரித்தால் ஒரு மாதத்தில் எங்கே கை வைப்பது என்று தெளிவாகிவிடும்.

பழைய தேர்வுத்தாள்களைக் கடைசி பத்து வாரத்துக்கு வைத்துக்கொள். கடிகாரத்தோடு, ஒரே அமர்வில், முழுத் தாளாகப் போடு. தாளின் நிமிடங்களை மொத்த மதிப்பெண்ணால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு நேரம் என்று வரும். 3 மதிப்பெண் கேள்வியில் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் போய்விட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்கு நகரப் பழகு.

கே: மகள் எஸ்சிக்குத் தமிழ் எடுத்திருக்கிறாள். வீட்டில் கிரியோல்தான். தமிழுக்குத் தனியாக எவ்வளவு நேரம் ஒதுக்குவது? எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. – ஒரு தந்தை, காத்ர் போர்ன்

ப: ஐயா, தமிழை எடுத்ததற்கே உங்கள் இருவருக்கும் எங்கள் வாழ்த்து. வாரத்தில் ஐந்து நாள், 25 நிமிடம் போதும். சனிக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் படிப்பது மொழிக்கு ஒத்துவராது.

முதல் 8 நிமிடம் உரக்க வாசிப்பு. அடுத்த 8 நிமிடம் சொல்வதெழுதுதல். ஆசிரியரையோ கோவில் மாலைப் பள்ளியில் கற்பிப்பவரையோ கேட்டு, ஐம்பது அறுபது சொல் கொண்ட பத்திகளைப் போனில் வாசித்துப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை முழுதாகக் கேட்கட்டும்; இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி எழுதட்டும்; மூன்றாம் முறை கேட்டுச் சரிபார்க்கட்டும். பிறகு மூலப் பத்தியோடு ஒப்பிட வேண்டும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிட உங்களாலும் முடியும். ல, ள, ழவும் ந, ன, ணவும் ர, றவும்தான் பெரும்பாலும் மாறும். தப்பிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லாதீர்கள். ஜோடியாக வைத்து ஒரு வாக்கியம் எழுதட்டும்: பல்லி – பள்ளி, மனம் – மணம், அரை – அறை.

மீதி 9 நிமிடம் ஐந்து வாக்கியம். கிரியோலில் வளரும் பிள்ளைகளுக்குத் தவறு வருவது இரண்டு இடத்தில். ஒன்று, வினைமுடிவு. கிரியோலில் நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் வினை ஒன்றேதான். அதனால் “அவர்கள் வந்தான்” என்று கை தானாக எழுதிவிடும். தினமும் ஒரு வினையை எடுத்து, வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள் என்று நான், நீ, அவனோடு சேர்த்து வாயால் சொல்லட்டும். ஒரு நிமிடம்தான் ஆகும். மற்றொன்று வரிசை. “மோ மான்ஸ் டிரி” என்பதில் சாப்பிடுவது நடுவில் வருகிறது. தமிழில் “நான் சோறு சாப்பிடுகிறேன்” என்று கடைசிக்குப் போகிறது. நீளமான வாக்கியத்தில்தான் இது குழப்பும் என்பதால், முதல் மாதம் ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகாத வாக்கியமே எழுதட்டும்.

இறந்தகாலத்தை அட்டவணையாக நெட்டுருப் போட வேண்டாம். ‘நேற்று’ என்று தொடங்கி அன்றாடம் செய்ததை எழுதினால் படித்தேன், நடந்தேன், சாப்பிட்டேன், போனேன் என்று எல்லா வகையும் தானே வந்துவிடும்.

கே: விடியற்காலையில் படிப்பது நல்லதா, இரவிலா? – மஹேபூர் வாசகர்

ப: எட்டு மணி நேரத் தூக்கம் கெடாத நேரம் எதுவோ அது. நான்கு மணிக்கு எழுப்ப வேண்டுமானால் எட்டு மணிக்கே படுக்க விட வேண்டும். அது முடியாத வீட்டில் விடியற்காலைப் படிப்பு வேண்டாம்.

கே: ஆண்டுத் தொடக்கத்திலேயே புயல் விடுமுறை, பிறகு தைப்பூசக் காவடி விரதம் என்று பிள்ளைகளின் அட்டவணை குலைந்துபோகிறது. எப்படி ஈடுகட்டுவது? – ஒரு தாய், கியூர்பிப்

ப: இரண்டும் வரும் என்று தெரிந்ததுதானே அம்மா. அதற்கென்று ஒரு சின்ன அட்டவணையைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விரத நாட்களில் கோவிலுக்குப் போய்வந்து களைத்திருக்கும் பிள்ளையிடம் புதுப் பாடம் கேட்க வேண்டாம். 20 நிமிடம் மட்டும்: அட்டைப் பெட்டியின் முதல் அறையும் எட்டுக் கலப்புக் கணக்கும். பழைய பாடம் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். காவடியன்று ஒன்றும் வேண்டாம்.

புயலுக்கு, எச்சரிக்கை வரும் முன்பே தாளில் தயாராக இருங்கள். மின்சாரமும் இணையமும் போனபின் போனில் இருக்கும் குறிப்புகள் உதவாது. இரண்டு பழைய தேர்வுத்தாள்களை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டைப் பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஜன்னலை அடைத்து உள்ளே இருக்கும் பகல் நேரம், ஒரு முழுத் தாளை நேரம் வைத்து எழுத நல்ல வாய்ப்பு.

பள்ளி திறந்ததும் விட்டுப்போன நாட்களையெல்லாம் ஒரே வார இறுதியில் பிடிக்கப் பார்க்காதீர்கள். அன்றன்றைய பாடத்தை வழக்கப்படி படித்துக்கொண்டு, விட்டதில் நாளுக்கு ஒரு 40 நிமிட அமர்வு மட்டும் சேருங்கள். ஐந்து நாள் போயிருந்தால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். பெட்டியில் அட்டைகள் குவிந்திருந்தால் முதல் அறையை மட்டும் முதலில் முடித்துவிட்டு, மற்றதை நாளுக்கு இருபதாகப் பிரித்துக் கொள்ளட்டும்.